மாறலகு

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் ஒரு கணக்குப்பிள்ளை வந்தார். பண்ணையில் கள்ளக் கணக்கு எழுதுகிறவர். அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன். ஆசாமியின் மனசு கோணல் என்பது வாசகருக்கு உடனே தெரிந்துவிட வேண்டாமா? கதை எழுதுகிறவர்கள் காலங்காலமாகக் கைக்கொண்டு வரும் சுருக்குவழி அது. கூனல், நொண்டி, மாறுகண் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. தபால் அட்டையில் நாலே வரி. "ஐயா, உங்கள் கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் படிக்கிறோம். என் அண்ணாவும் படிக்கிறார். சின்ன வயசில் வந்த ஜுரத்தில் அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. இப்போது தெருப் பிள்ளைகள் அவரைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள். அண்ணா சிரித்துக்கொள்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாய் நேராக இருந்தால் கள்ளக் கணக்கு எழுத வராதா?"

என்ன பதில் எழுதுவது? அட்டையை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். மூடினேனே தவிர, டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது மேலே வந்து கிடந்தது.

அந்த நாட்களில்தான், வேறொரு காரியமாக இங்கிலாந்தின் பழைய சரித்திர ஏடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பறவை எதிர்ப்பட்டது. அதன் மூக்கும் கோணல். மேல் அலகும் கீழ் அலகும் நம் ஊர்க் குருவிகளுக்குப் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காராமல், நுனியில் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகின்றன. இங்கிலீஷில் கிராஸ்பில் என்பார்கள். தமிழில் அதற்குப் பேர் இல்லை. மாறுகண் என்று சொல்கிறோமே, அந்த ரீதியில் மாறலகு என்று நானே ஒரு பேர் வைத்துக்கொண்டேன். பண்டிதர்கள் மன்னிக்க வேண்டும்.

சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது. நிறை ஏறக்குறைய நாற்பது கிராம். ஆண் செங்கல் சிவப்பு. பெண் பாசிபிடித்த பச்சை. ஐரோப்பாவின் வடக்கே நார்வே, ஸ்வீடன் தொடங்கி ருஷ்யா முழுவதும், அப்பால் வட அமெரிக்காவிலும், ஊசியிலைக் காடுகள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் உண்டு. நம் நாட்டிலும் இமயமலைக் காடுகளில் இருக்கிறது. தேவதாரு, பைன், ஸ்புரூஸ் போன்ற மரங்களின் காய்களிலுள்ள விதைதான் அதற்கு ஆகாரம். கைக்குழந்தைக்குப் பால் மாதிரி, வேறொன்றில் நாட்டமில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், எழுநூறு ஆண்டுகளாக மனிதர்கள் இந்தப் பறவையைப் பற்றி நினைத்ததும் சொன்னதும் எவ்வளவு விபரீதம் என்பது விளங்கும்.

1251-ஆம் வருஷம். இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி அரசாளுகிறான். லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய கிறிஸ்தவ மடம். அங்கே மாத்யூ பாரிஸ் என்று ஒரு துறவி. உலகத்தைத் துறந்தாரே ஒழிய உலகத்துச் செய்திகளைத் துறக்க மனம் வராத மனிதர். அரசன் யாரோடு சண்டை போட்டான், எந்த ஊரில் வெள்ளம் வந்தது, கோதுமை என்ன விலை விற்றது, எல்லாவற்றையும் வருஷவாரியாக எழுதி வைப்பார். எழுதுவதோடு நிற்காமல் ஓரத்தில் சித்திரமும் போடுவார். 1255-இல் பிரெஞ்சு அரசன் லூயி ஒரு யானையை இங்கிலாந்து அரசனுக்குப் பரிசாக அனுப்பினான். அந்த யானையையும் வரைந்து வைத்தவர் இவர்தான். நம் பத்திரிகைக்காரர்களுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லலாம்.

அவர் 1251-ஆம் வருஷக் கணக்கில் ஒரு சங்கதியைக் குறித்து வைத்திருக்கிறார். பழங்கள் கனியும் பருவத்தில், இங்கிலாந்தில் அதுவரை யாரும் கண்டிராத விசித்திரப் பறவைகள் தோப்புகளில் வந்து இறங்கின. வானம்பாடியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஆப்பிள் பழத்தை அலகால் இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் விதையை மட்டும் தின்றன, சதையைத் தொடவில்லை. அலகு குறுக்கே மாறியிருந்தது, இடுக்கி போல. அவை தொட்டுப்போட்ட மிச்சப் பழம் விஷம் தீண்டியதுபோல் ஆயிற்று என்கிறார் துறவி. ஓரத்தில் ஒரு படமும் உண்டு: பழத்தோடு, மாறிய அலகோடு, பறவை.

இந்தக் குறிப்பைப் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். மனிதர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார். அலகு, அளவு, தின்ற விதம், ஒன்றிலும் தவறு இல்லை. 'விஷம்' என்று அவர் எழுதியதில்தான் நான் தடுக்கி விழுந்தேன். சதையை விட்டுவிட்டு விதையை மட்டும் தின்கிற பறவையைத் தோட்டக்காரன் எப்படிப் பொறுப்பான்? பசிக்குப் பழத்தைத் தின்றுவிட்டுப் போனால்கூட மனசு ஆறும். பிளந்து எறிந்துவிட்டுப் போகிறதே! பார்த்தாலோ கோணல் மூக்கு. விஷம்தான், சந்தேகமென்ன?

ஆனால் பறவைகளின் பக்கத்தை யார் விசாரித்தார்கள்? ஊசியிலை மரங்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. ஒரு வருஷம் கிளை தாங்காமல் காய்க்கும். அடுத்த வருஷம் ஒரு பிரதேசம் முழுவதும் கைவிட்டுவிடும். நல்ல விளைச்சலில் பறவைகள் பெருகியிருக்கும். அந்தச் சமயத்தில் காய்ப்புப் பொய்த்தால், ஒரு கிராமமே தாது வருஷத்துப் பஞ்சத்தில் மூட்டை கட்டியது போல, ஆயிரக்கணக்கில் கிளம்பிவிடும். திசை கிடையாது, தேதி கிடையாது. வேடந்தாங்கலுக்கு வரும் விருந்தாளிகளைப்போல வந்த வழியே மறு பருவத்தில் ஊர் திரும்புகிற வழக்கமும் நிச்சயமில்லை. கடலைத் தாண்டித் தென் இங்கிலாந்தில் இறங்கினால், அந்தக் காலத்தில் அங்கே ஸ்புரூஸ் மரம் கிடையாது. பைன் காடும் தூரத்து ஸ்காட்லாந்தில்தான். விதைக்கு எங்கே போகும்? ஆப்பிளுக்குள் இருந்தது விதை, எடுத்துத் தின்றது. சதை அதற்கு உமி. நாம் நெல்லைக் குத்தி உமியை எறிகிறோமே, அதைப் பார்த்து உமி தின்கிறவன் எவனாவது 'விஷம் வைத்துவிட்டான்' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

துறவி மடத்து வாசலில் வந்திறங்கியது பஞ்சத்தில் அடிபட்ட கூட்டம். அவர் கண்ணுக்குப் பட்டது கொள்ளைக் கூட்டம்.

பிற்பாடு 1593-இலும் இதே கதை நடந்தது. ஆப்பிள் அமோகமாக விளைந்த வருஷம். மறுபடியும் பறவைகள், மறுபடியும் பிளந்த பழங்கள், மறுபடியும் ஆச்சரியம். இடையில் முந்நூற்று நாற்பது வருஷம் போய்விட்டதால் பழைய கதை யாருக்கும் ஞாபகமில்லை. 1909-இல் வந்த பெரும் படை மட்டும் முழுக்கத் திரும்பிப் போகவில்லை. அதற்குள் கிழக்கு இங்கிலாந்தில் மனிதர்கள் பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். அகதிகள் குடிபுகுந்து கூடு கட்டி அந்த ஊர்க்காரர்களாகிவிட்டார்கள்.

மூக்கு ஏன் மாறிற்று என்பதற்கு ஐரோப்பியக் கிராமங்களில் ஒரு கதை வழங்கிற்று. ஏசுநாதரைச் சிலுவையில் அறைந்தபோது ஒரு சின்னக் குருவி பறந்து வந்து, ஆணிகளைப் பிடுங்கிவிடலாம் என்று தன் அலகால் இழுத்து இழுத்துப் பார்த்ததாம். ஆணி வரவில்லை, அலகு முறுக்கிக்கொண்டது. நெஞ்சில் ரத்தம் படிந்தது. அன்று முதல் அந்தச் சிவப்பும் அந்தக் கோணலும் அதன் வம்சத்துக்கே அடையாளமாகிவிட்டன. ஜெர்மானியர்கள் அதைக் கிறிஸ்துவின் பறவை என்றே அழைத்தார்கள். ஜூலியஸ் மோசன் என்ற ஜெர்மன் கவிஞர் இதைப் பாட்டாகப் பாட, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ அதை இங்கிலீஷில் பெயர்த்தார்.

நம் ஊர் அணில் நினைவுக்கு வராமல் போகுமா? சேதுவுக்கு மணல் சுமந்த அணிலின் முதுகை ராமன் தடவிக் கொடுத்த மூன்று கோடு. உலகத்தில் எங்கே போனாலும் சாதாரண ஜனங்களுக்குச் சின்னப் பிராணிகளிடம் ஒரு கனிவு இருக்கிறது. மடத்துத் துறவிக்குத் தோன்றாதது குடியானவனுக்குத் தோன்றுகிறது. நிற்க. அணிலுக்கும் மாறலகுக்கும் வேறொரு பழைய வழக்கு உண்டு. பின்னால் வருகிறேன்.

கனிவு கதையோடு நின்றிருந்தால் பறவைக்கு நல்லதாயிருக்கும். கடவுளின் வேதனையைத் தாங்க முன்வந்த பறவை நம் வேதனையைத் தாங்காதா என்று ஒரு யோசனை பிறந்தது. ஜெர்மனியின் நடுவே துரிங்கியா என்று ஒரு மலைப் பிரதேசம். அங்கே மரவெட்டிகள், சுரங்கக்காரர்கள் என்று ஏழை ஜனங்கள். அவர்கள் வீடுகளில் மாறலகைக் கூண்டில் அடைத்துக் கணப்பு அடுப்பின் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டில் யாருக்காவது வாதமோ ஜலதோஷமோ வந்தால் பறவை அதைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அதிலும் ஒரு கணக்கு உண்டு: மேல் அலகு வலது பக்கம் திரும்பியிருந்தால் ஆண்பிள்ளையின் நோயை வாங்கும், இடது பக்கமானால் பெண்பிள்ளையின் நோயை. அது குடித்து வைத்த மிச்சத் தண்ணீர் காக்காய் வலிப்புக்கு மருந்து.

இதை எழுதி வைத்தவர் பெக்ஸ்டைன். அதே துரிங்கியாவில் பிறந்தவர், வனசாஸ்திரம் கற்பித்தவர். வீட்டில் வளர்க்கும் பறவைகளைப் பற்றி 1795-இல் அவர் வெளியிட்ட புத்தகம் பல பாஷைகளுக்குப் போயிற்று. அவர் எதையும் பரிகாசம் செய்யவில்லை. ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். கூண்டில் அடைபட்ட மாறலகுகளுக்கு அடிக்கடி நோய் வருகிறது. கண் பழுதாகிறது, கால் வீங்கிப் புண்ணாகிறது. மலைஜனங்கள் அந்த அவஸ்தையைப் பார்த்தார்கள். நம் நோய்தான் அதற்குப் போயிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

நினைத்துப் பாருங்கள். பனிக்காற்றில் உச்சாணிக் கிளையில் தலைகீழாகத் தொங்கிக் காய் பறித்துத் தின்ன வேண்டிய பிராணி. அதைப் புகையும் வெக்கையும் மண்டிய சின்ன அறையில், கணப்பு அடுப்பருகே, சாண் அகலக் கூண்டில் வைத்தால் கால் வீங்காமல் என்ன செய்யும்? அது வீங்க வீங்க, கட்டிலில் கிடக்கும் கிழவருக்கு வாதம் குறைகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி பொய் என்று நான் சொல்லமாட்டேன். வைத்தியனுக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டில், நம் நோயை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்ற நினைப்பே பாதி மருந்து. கிழவர் ஒருவேளை எழுந்தும் நடந்திருப்பார். பறவை செத்துப்போயிருக்கும். செத்ததைப் பார்த்து, 'ஐயோ, எத்தனை பெரிய நோய் நமக்கு வர இருந்தது!' என்று சொல்லியிருப்பார்கள். இந்த நம்பிக்கையைப் பொய்ப்பிக்க வழியே இல்லை என்பதுதான் இதன் பலம்.

திருஷ்டிப் பூசணிக்காயை நடுத்தெருவில் உடைக்கிற நமக்கு இதைச் சொல்லிச் சிரிக்கப் பாத்தியதை இல்லை. ஆனால் பூசணிக்காய்க்கு வலிக்காது.

ஆஸ்திரியா தேசத்தில் சால்ஸ்கம்மர்கூட் என்று ஏரியும் மலையுமான ஒரு பிரதேசம். அங்கே இலையுதிர் காலத்தில் மாறலகையும் வேறு சில குருவிகளையும் பிடித்து, கண்காட்சி வைத்து, வசந்தத்தில் விட்டுவிடும் வழக்கம் இன்னும் நடக்கிறது. அடுத்த வருஷம் மற்றவற்றைக் கூவி அழைக்க வேண்டிய பறவைகள் மட்டும் கூண்டிலேயே தங்கும். 2010-இல் அந்த நாட்டின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். ஜீவகாருண்யக்காரர்கள் எதிர்க்கிறார்கள், வழக்கக்காரர்கள் பாட்டன் காலத்து உரிமை என்கிறார்கள். நமக்கும் பழக்கமான சச்சரவுதான்.

இனி கல்விமான்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் பஃபோன் பிரபு என்று ஒருவர். பாரிஸில் அரசரின் பூந்தோட்டத்துக்கு அதிபதி. உலகத்துப் பிராணிகள் அத்தனையையும் வர்ணித்துத் தொகுதி தொகுதியாக எழுதினார். பிரெஞ்சு வசனநடைக்கே அவர் எழுத்து ஒரு மாதிரி என்பார்கள். அப்படிப்பட்டவர் மாறலகைப் பார்த்துவிட்டு, இது இயற்கை செய்த பிழை, ஒரு பிரயோஜனமும் இல்லாத அங்கஹீனம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவருக்கு இது ஒரு பழக்கம். மரத்தில் மெல்ல மெல்ல ஊரும் ஸ்லாத் என்ற பிராணியையும், இன்னும் ஒரு குறை கூடியிருந்தால் உயிர் தரித்தே இருக்க முடியாது என்று எழுதியவர் அவர்.

அவரிடம் எனக்குக் கோபமில்லை. கூண்டில் அடைத்துக் கிண்ணத்தில் தானியம் வைத்த மாறலகைப் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். நேரான அலகு ஒரே கொத்தில் எடுக்கிற தானியத்தை அது பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எடுக்கிறது. சமைக்கத் தெரிந்தவளை மேடையில் ஏற்றிப் பாடச் சொல்லிவிட்டுக் குரல் சரியில்லை என்கிற நியாயம். தவிர, அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு; வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் அது உண்மையாகவும் இருக்கும் என்று தோன்றிவிடும். எனக்கு அது அனுபவம். கணக்குப்பிள்ளையின் கோணல் வாயைப் பற்றி நான் எழுதிய வாக்கியமும் நன்றாகத்தான் வந்திருந்தது.

பஃபோனுக்குப் பதில் சொன்னவர் ஒரு பத்திரிகை ஏஜெண்டு. வில்லியம் யாரெல் என்று பேர். லண்டனில் தகப்பனார் விட்டுப்போன நியூஸ் ஏஜென்ஸி வியாபாரம், புத்தகமும் விற்பார். சர்வகலாசாலைப் பக்கம் போனவரல்ல. வாலிபத்தில் வேட்டையும் தூண்டிலும் பொழுதுபோக்கு. சுட்ட பறவையைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்க்கிற குணம் மட்டும் இவருடைய தனிச் சொத்து. கடையையும் கவனித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கத்தியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, தம் காலத்தின் பெரிய பறவை நிபுணர்களில் ஒருவராக ஆகிவிட்டார்.

அவர் மாறலகின் தலையை அறுத்துப் பார்த்து, 1829-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் அவர் கண்டது, தலையின் இரு பக்கமும் சமமாக இல்லை. தாடையை இயக்கும் தசை ஒரு பக்கம் பெருத்தும் மறு பக்கம் சிறுத்தும் இருந்தது. அலகு மட்டும் தற்செயலாகக் கோணிப்போன சமாசாரம் அல்ல. அந்தக் கோணலுக்கு என்று தனியாக ஒரு தசைக்கட்டே அமைந்திருக்கிறது. அடுத்து, கீழ்த் தாடை பொருந்தும் இடம். மற்றப் பறவைகளின் தாடை மேலும் கீழும் அசையும். இதன் தாடை பக்கவாட்டிலும் நகர்கிறது. அப்புறம் நாக்கு. நுனியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு அமைப்பு.

இதெல்லாம் எதற்கு? என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்கக் கொடைக்கானலிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பைன் காய் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டு அலமாரியிலும் இருக்கும். வெயில் நாளில் அது விரிந்து செதில் செதிலாகப் பூப்போல இருக்கும். இரண்டு நாள் மழை பிடித்தால் செதில்கள் மூடிக்கொள்ளும். ஈரப்பதம் பட்டால் காயின் குணம் அது. யாரெல் கட்டுரையைப் பற்றிப் படித்த அன்று நல்ல மழை. மூடின காயில் ஒரு செதிலை மட்டும் நெம்பித் திறக்கலாம் என்று பேனாக்கத்தியை எடுத்தேன். கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் பட்டது. பேரன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்; "இடுக்கி கொண்டு வரட்டுமா, தாத்தா?" என்றான். இடுக்கியால் செதிலின் நுனி பிய்ந்ததே தவிரத் திறக்கவில்லை. பிடிக்கிற கருவி அங்கே பயன்படாது. உள்ளே நுழைந்தபிறகு அகலப்படுத்துகிற கருவி வேண்டும்.

மாறலகு அதைத்தான் வைத்திருக்கிறது. நுனிகளை இரண்டு செதில்களுக்கு நடுவே செருகும். பிறகு கீழ்த் தாடையைப் பக்கவாட்டில் தள்ளும். மேல் அலகு ஒரு செதிலிலும் கீழ் அலகு மறு செதிலிலும் எதிரெதிராக உந்த, இடைவெளி விரியும். அந்த இடைவெளியில் நாக்கு போய் விதையை நெம்பி எடுத்துவரும். எல்லாம் கண் இமைக்கிற நேரம். தான் பார்த்த அமைப்புகளில் இதைவிட அழகாகக் காரியத்துக்குப் பொருந்தியது இல்லை என்ற கருத்தில் யாரெல் எழுதினார். பஃபோனை அவர் திட்டவில்லை. அறுத்துப் பார்த்தவருக்குத் திட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கு நூற்றறுபது வருஷம் கழித்து நடந்த சோதனை ஒன்று என்னை இன்னும் அதிகமாகப் பாதித்தது. அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் பெங்க்மனும் ஒரு சகாவும் செய்தது; 1991-இல் வெளியாயிற்று. கூண்டிலிருந்த சில மாறலகுகளுக்கு அலகின் நுனியை, நாம் நகம் வெட்டிக்கொள்வது போல வலிக்காமல் வெட்டிவிட்டார்கள். கோணல் போய் அலகு நேராகிவிட்டது. பஃபோன் பிரபு பார்த்தால் திருப்திப்பட்டிருப்பார். விரிந்த காய்களைக் கொடுத்தார்கள். பழையபடி விதையை எடுத்துத் தின்றன. மூடின காய்களைக் கொடுத்தார்கள். ஒரு விதைகூட எடுக்க முடியாமல் திண்டாடின. அலகும் நகம் மாதிரி வளரக்கூடியதுதானே. நாளாக ஆக நுனிகள் வளர்ந்து மெல்ல மெல்ல மாறத் தொடங்கின. மாற மாறக் காயும் திறக்கத் தொடங்கிற்று. முழுக் கோணல் வந்தபிறகுதான் முழுச் சாப்பாடு. அந்தப் பறவைக்கு யாராவது அழகான முகத்தைக் கொடுத்திருந்தால், விதை நிறைந்த காட்டில் பட்டினி கிடந்து செத்திருக்கும்.

அணிலுக்கும் இதற்கும் வழக்கு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் ஊசியிலைக் காடுகளின் அணில் காயோடு கடித்துக் கொண்டுபோய்ச் சேமித்து வைத்துக்கொள்ளும். அணில் இருக்கிற இடத்தில் மாறலகுக்கு மிச்சம்மீதிதான். நியூஃபவுண்ட்லாண்ட் தீவில் அணிலே கிடையாது. மாறலகு தாராளமாக இருந்தது. 1960-களில் மனிதர்கள் அங்கே அணிலைக் கொண்டுபோய் விட்டார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அந்தத் தீவு மாறலகு காணக் கிடைக்காத அளவுக்குக் குறைந்துபோயிற்று.

ஐடஹோ மாகாணத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு சங்கதி. அங்கே தனியாக நிற்கும் இரண்டு மலைத்தொடர்களில் அணில் இல்லை. அணிலுக்குப் பயந்து காயைக் காக்க வேண்டிய கவலை மரத்துக்கு இல்லாமல் போனது. ஒரே எதிரி மாறலகுதான். அதனால் மரம் காயின் செதில்களைத் தடிப்பாக்கிற்று. பறவையின் அலகு அதற்குத் தக்கபடி பருத்தது. மரம் இன்னும் தடிப்பாக்கிற்று. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சம்பந்திச் சண்டை மாதிரி நடந்து, கடைசியில் அந்தப் பறவை மற்ற மாறலகுகளோடு கலக்காத தனி இனமாகவே ஆகிவிட்டது. 2017-இல் அமெரிக்கப் பறவையியலார் அதைத் தனி இனமாக ஒப்புக்கொண்டு, அந்த வட்டாரத்தின் பேரால் காஸியா மாறலகு என்று பேர் வைத்தார்கள். உலகத்திலேயே சில ஆயிரம் பறவைகள்தான். பேர் வைத்து மூன்றே வருஷத்தில், 2020 செப்டம்பரில், அந்த மலைகளில் ஒன்றில் காட்டுத் தீ மூண்டு பைன் காட்டில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. மற்ற மாறலகுகளைப் போல மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் பழக்கம் இதற்கு இல்லை. அந்த மலையின் காய்க்கென்றே செய்த அலகை வைத்துக்கொண்டு வேறு எங்கே போகும்?

இவ்வளவும் படித்து முடித்தபிறகு டிராயரைத் திறந்து அந்த அம்மாளுக்குப் பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். தொடர் புத்தகமாக வரும்போது கணக்குப்பிள்ளையின் வாயைப் பற்றிய வரிகளை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். (எடுத்தும்விட்டேன். புத்தகத்தில் அவர் ஊரிலேயே லட்சணமான மனிதர். கள்ளக் கணக்கும் முன்னைவிட நன்றாக எழுதுகிறார்.) கூடவே, சும்மா மன்னிப்போடு நிறுத்த மனமில்லாமல், இந்தப் பறவையின் கதையையும் இரண்டு பக்கம் எழுதினேன். மாசியில் பனி மூடிய கிளையில் பெட்டை அடைகாப்பதையும், ஆண் விதை பொறுக்கிவந்து அதற்கு ஊட்டுவதையும் எழுதினேன். குஞ்சு பொரியும்போது அலகு நேராகத்தான் இருக்கும், கூட்டை விட்டு வெளிவருகிற சமயத்தில்தான் ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கும் என்பதையும் எழுதினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. இந்த முறை கவர். கடிதத்தை அண்ணாவுக்குப் படித்துக் காட்டினாராம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாராம். "எனக்கு இடது பக்கம் இழுத்திருக்கிறது. அந்தப் பறவைக்கு எந்தப் பக்கம்?"

இரண்டு பக்கமும் உண்டு, ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.